சிவப்பு ஏறிய பக்கங்கள்

ஜூன் 19

புது நோட்டு. தண்ணீர் பட்டால் சுருளாத கெட்டிக் காகிதம் என்று கடைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. இடது பக்கம் நிறக்கட்டம், வலது பக்கம் என் புலம்பல். இதுதான் ஏற்பாடு.

கட்டம் தினமும் ஒன்றேதான். ஆறு வரிசை, நாலு பத்தி, மொத்தம் இருபத்து நாலு. ஒவ்வொன்றிலும் இரண்டு வண்ணம் கலந்து பிறந்த ஒரு நிறம். முதலில் கட்டத்துக்குக் கீழே பென்சிலில் பெயரை எழுதிவிடுவேன், பிறகு வண்ணத்தட்டு இல்லாமல் டியூபிலிருந்தே சொட்டு சொட்டாகக் கலந்து தூரிகை. பாட்டுக்காரர்கள் விடியற்காலையில் சாதகம் செய்வதில்லையா, அது மாதிரி. மூலையில் தேதி போடாமல் எழுந்திருக்க மாட்டேன்.

எல்லாம் பறவைப் புத்தகத்துக்காக. இருபத்து நாலு பறவை, பதினாலு முடிந்தது, ஜூலை முப்பத்தொன்றுக்குள் மிச்சம் பத்தும் பதிப்பாளர் இளவழகன் மேசையில் இருக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட நோட்ஸ்களுக்கு இதயத்தின் குறுக்குவெட்டும் செம்பருத்தியின் நெடுக்குவெட்டும் வரைந்து தள்ளியவள் நான். ஒன்றிலும் என் பெயர் கிடையாது. இந்தப் புத்தகத்தின் அட்டையில் ‘ஓவியம்: பூங்கோதை தனசேகர்’ என்று வரும். அதைப் பென்சிலில் ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 23

எடை பார்த்தேன், இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. ஏப்ரலில் கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி வந்து, ஊசி போட்டு எடுத்துப் பார்த்து, டி.பி. என்று சொன்னார்கள். நுரையீரலில் இல்லை, யாருக்கும் ஒட்டாது, ஆறு மாதம் மாத்திரை போட்டால் போய்விடும் என்றார்கள். அன்றைக்கு என் கணவர் இவ்வளவு பெரிய மூச்சு விட்டார்.

மாத்திரையைக் கவனிப்பது சுகாதார நிலையத்து ஜெசிந்தா சிஸ்டர். இரண்டு நாளைக்கு ஒரு போன். முதல் நாளே சொல்லிவிட்டார்: “இதுல ஒரு மாத்திரை கண்ணு நரம்பைத் தொந்தரவு பண்ணலாம். எல்லாருக்கும் வராது. பார்வை மங்கினாலோ, சிவப்பு பச்சை வேற மாதிரி தெரிஞ்சாலோ, அன்னைக்கே சொல்லிடணும்மா. அன்னைக்கே.”

நான் ஓவியக்காரி, எனக்குத் தெரியாமல் என் கண்ணில் ஒரு நிறம் மாறிவிடுமா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 28

புது வெர்மிலியன் டியூபைத் திறந்தேன். செத்த சிவப்பு. செங்கலை இழைத்துத் தண்ணீரில் போட்ட மாதிரி. பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டிவிட்டான். பெரிய கடைத்தெரு வரைக்கும் போய்ச் சண்டை போட நேரமில்லை. எல்லாக் கட்டத்திலும் ஒரு சொட்டு கூடுதலாகச் சேர்த்துச் சரிக்கட்டினேன்.

ஜூலை 1

தக்காளி வாங்கி வந்தேன். பாதி காய். “ரசத்துக்கா, கூட்டுக்கா?” என்று இவர் கேலி. விற்றவளைத் திட்டினேன்.

ஜூலை 3

டியூப்லைட்டை மாற்றச் சொன்னேன். மாற்றினார். வெளிச்சம் இன்னும் போதவில்லை. பேப்பரிலும் இப்போதெல்லாம் மட்டமான மை போடுகிறார்கள், எழுத்து பிசிறடிக்கிறது.

இவர் காலையில் என் தோளுக்குப் பின்னால் நின்று கட்டத்தைப் பார்த்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நட்டு போல்ட்டு தவிர எதிலும் கருத்துச் சொல்லாத மனிதர்.

“கோதை, கொஞ்சம் சிவப்பா இல்ல?”

“உங்களுக்கு என்னங்க தெரியும் அதைப் பத்தி?”

கேட்டிருக்க வேண்டாம். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார்.

ஜூலை 5

சிஸ்டர் போன். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்லா இருக்கு சிஸ்டர் என்றேன். நல்லாத்தான் இருக்கிறது. டியூப் மட்டம், லைட் மட்டம். கண்ணுக்கு என்ன?

ஜூலை 6, ஞாயிறு

என்னவர் இன்றைக்குப் பெரிய மனது பண்ணினார். நான் தலைக்குக் குளித்து வருவதற்குள் என் வண்ணத்தட்டைக் கழுவித் துடைத்து, குழி குழியாகப் புது வண்ணம் பிதுக்கி வைத்திருந்தார். அடுக்களையில் மிளகு டப்பாவையும் சீரக டப்பாவையும் உயரப்படி நிற்க வைக்கிற மனிதர், அழுக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பார்! என்னவோ வரிசை கிரமம் எல்லாம் சொன்னார். தலை துவட்டிக்கொண்டிருந்தேன், காதில் வாங்கவில்லை. மூன்றாம் தேதி பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “அதை அன்னைக்கே மறந்துட்டேன்” என்றார். மறந்திருக்க மாட்டார்.

ஜூலை 8

குக்குறுவான் முடிந்தது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு. உடம்பு முழுக்க இலைப்பச்சை, நெற்றியிலும் மார்பிலும் குங்குமம் இட்ட மாதிரி சிவப்பு. பெயரே செம்மார்புக் குக்குறுவான்தான். ஒரே மூச்சில் மூன்று மணி நேரம். தட்டில் எது எங்கே என்று நான் பார்ப்பதே இல்லை. மேல் வரிசையில் இரண்டாவது குழி பச்சை, கீழ் வரிசையில் நாலாவது சிவப்பு. பன்னிரண்டு வருஷப் பழக்கம், கை தானாகப் போகும். இது என் நல்ல படங்களில் ஒன்று.

ஜூலை 10

தில்லைநகரில் இளவழகன் சார் ஆபீஸ். மூன்று படம் கொண்டுபோனேன். மரங்கொத்தியையும் கொண்டலாத்தியையும் பார்த்து, “சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு, ஆனா அச்சுல அடங்கிடும்” என்றார். குக்குறுவானை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

“மேடம், இது என்ன பறவை?”

“செம்மார்புக் குக்குறுவான் சார்.”

“மார்பு பச்சையால்ல இருக்கு? உடம்பெல்லாம் செங்கல் கலரு.”

படத்தைப் பார்த்தேன். எனக்கு அது நான் எட்டாம் தேதி பார்த்த அதே பறவை. நான் சிரித்தேன். எங்கிருந்து வந்ததோ அந்தச் சிரிப்பு. “தெரிஞ்சுதான் சார் மாத்திப் போட்டேன். ‘தப்பைக் கண்டுபிடி’ன்னு குழந்தைகளுக்கு ஒரு பக்கம் வைக்கலாமேன்னு.”

மனிதர் மேசையைத் தட்டிவிட்டு எழுந்தே விட்டார். “பிரமாதம் மேடம்! இன்னும் நாலு பறவைக்கு இப்படிப் பண்ணிடுங்க. ஒரிஜினலும் வேணும், தப்பும் வேணும்.”

காபி வரவழைத்தார். குடித்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சாதாரணமாகக் கேட்டேன், தட்டில் எப்படி அடுக்கினீர்கள் என்று. “அன்னைக்கே சொன்னேனே. சிவப்பு குடும்பம் எல்லாம் மேல, பச்சை நீலம் எல்லாம் கீழ.” தட்டைக் குனிந்து பார்த்தேன். நீலம் நீலமாக இருந்தது. மஞ்சளும் இருந்தது. மற்ற குழிகள் எல்லாவற்றிலும் களிமண்.

ஜூலை 11

இவர் வேலைக்குப் போனதும் கதவைத் தாழ் போட்டேன். இன்றைய கட்டத்தை முடித்து, கத்தரியால் இருபத்து நாலு துண்டாக வெட்டினேன், பெயர் தனியாக, நிறம் தனியாக. நிறத்தின் பின்னால் எண் போட்டுக் குலுக்கி எடுத்து, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்த்தேன்.

ஐந்து சரி. ஐந்தும் நீலமும் மஞ்சளும்.

இத்தனை நாள் நான் நிறத்தைப் பார்க்கவில்லை. கட்டத்துக்குக் கீழே நானே எழுதிய பெயரைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். துண்டுகளை அடுப்பில் போட்டு எரித்தேன். பயமாக இருக்கிறது.

ஜூலை 12

காலையில் மாத்திரையைப் போட்டேன்.

கணக்கு இதுதான். இன்னும் ஏழு படம், குக்குறுவானைத் திரும்பப் போட்டால் எட்டு. சிஸ்டரிடம் சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மூன்று மாதம் விழுங்கியது வீண், மறுபடி முதலிலிருந்து. கழுத்துக் கட்டி திரும்ப வரும். இளவழகன் சாருக்குத் தெரிந்தால் புத்தகம் போச்சு. நிறம் தெரியாத ஓவியக்காரியை யார் கூப்பிடுவார்கள்? இதயத்தின் குறுக்குவெட்டுக்குக்கூடச் சிவப்பு வேண்டும்.

டியூபின் பெயரைப் படித்து, சொட்டுக் கணக்கு வைத்துக் கலந்தால் தப்பு வராது. இருபது நாள். அதற்குப் பிறகு நானே போய்ச் சொல்லிவிடுவேன். யாருக்கும் தெரிய வேண்டாம், இவருக்கும்தான்.

ஜூலை 14

சிஸ்டர்: “நிறமெல்லாம் சரியா தெரியுதாம்மா?”

நான்: “அதுதானே சிஸ்டர் என் பொழப்பு.”

அவரும் இந்தத் தடவை சிரித்தார். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

ஜூலை 15

சொட்டுக் கணக்கில் பச்சைக்கிளி. டியூபில் பெயர் படிக்கப் பூதக்கண்ணாடி தேவைப்படுகிறது. கிளி மூக்கின் நுனியில் கோடு போட்டால் கோடு எங்கே போகிறது என்று தெரியவில்லை. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தால் தெரிகிறது. கிளிக்குக் கண் வைக்கவில்லை, நாளைக்கு.

ஜூலை 16

எழுத்து பெரிசு பெரிசாக வருகிறது. கண் இன்னும் வைக்கவில்லை.

ஜூலை 17

காலையில் இவர் என் உள்ளங்கையில் மாத்திரையை வைத்து, எதிரில் உட்கார்ந்து, தண்ணீர் டம்ளரை நீட்டினார். தினமும் செய்வதுதான். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன்.

முகம் இல்லை. இரண்டு காது இருந்தது, தலைமுடி இருந்தது, சட்டைக் காலர் இருந்தது. நடுவில் ரப்பர் வைத்து அழித்த மாதிரி ஒரு புகை. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். மறுபடி அதேதான். இருபது வருஷமாகப் பார்க்கிற முகம்.

“என்ன கோதை, அப்படிப் பார்க்கிறே?”

மாத்திரையை மேசைமேல் வைத்தேன். “எனக்கு உங்க மூஞ்சி தெரியலைங்க” என்றேன். அவர் விளையாட்டு என்று நினைத்துப் பக்கத்தில் குனிந்தார். அப்போதுதான் வாய் விட்டு அழுதேன்.

அவரே சிஸ்டருக்குப் போன் போட்டார். சிஸ்டர் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. “அந்த ஒரு மருந்தை மட்டும்தான் நிறுத்துவாங்க. மத்ததெல்லாம் தொடரும், முதல்லேர்ந்து ஒண்ணும் கிடையாது. உடனே கண்ணு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க!”

அது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்.

ஜூலை 18

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன், கோணல் மாணலாக.

பெரியாஸ்பத்திரி கண் பிரிவு. என்னைவிட வயதில் சின்ன டாக்டர், பொறுமையான குரல். புள்ளி புள்ளியாக வட்டம், அதற்குள் ஓர் எண் என்று ஒரு புத்தகத்தைக் காட்டினார். முதல் பக்கம் பன்னிரண்டு என்று படித்துவிட்டேன். அதை நிறமே தெரியாதவர்களும் படிப்பார்களாம். அதற்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் எண்ணே இல்லை. இருபது பக்கம் புரட்டினார்.

“எத்தனை நாளா இப்படி?”

“ஒரு நாலு நாளா டாக்டர்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை. வாய் பழகிவிட்டது. இவர் என் பக்கம் திரும்பினார். பிறகு என் பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். “இவ தினமும் ஒரே கட்டத்தைத்தான் போடுவா டாக்டர். தேதி இருக்கும். பாருங்க.”

டாக்டர் இடது பக்கங்களை மட்டும் புரட்டினார். ஓரிடத்தில் விரல் வைத்தார். “இதுவரைக்கும் அழகா இருக்கு. இங்க பாருங்க, ஜூன் இருபத்தெட்டு. இங்க ஆரம்பிக்குது. சிவப்பு மங்கலா தெரிஞ்சிருக்கு, அதான் கூடச் சேர்த்திருக்கீங்க. அடுத்த நாள் இன்னும். அதுக்கடுத்த நாள் இன்னும். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு ஏறிக்கிட்டே போகுது. கடைசிப் பக்கம் பூரா ரத்தக் கலரும்மா. நாலு நாள் இல்ல, மூணு வாரம்.”

பக்கத்து அறையிலிருந்து இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். மூன்று பேரும் என் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எல்லாப் பக்கமும் ஒரே பக்கமாகத் தெரிந்தது.

இல்லை, இரண்டு பேர்தான் கட்டத்தைப் பார்த்தார்கள். இவர் வலது பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ‘இவருக்கும்தான்’ என்று நான் எழுதிய இடம் வந்திருக்க வேண்டும். நோட்டை மெதுவாக மூடினார்.

“முதல் வாரத்துலேயே வந்திருந்தா பெரும்பாலும் திரும்பிடும்னு தைரியமா சொல்லியிருப்பேன்,” என்றார் டாக்டர். “இப்பவும் வரலாம். வராமலும் போகலாம். மாசக் கணக்கு ஆகும்.”

ஜூலை 19

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து இவர் பேசவில்லை. சாப்பாடு போடுகிறார், துணி மடிக்கிறார்.

ஜூலை 21

இளவழகன் சாருக்குப் போன் செய்தேன். ‘தப்பைக் கண்டுபிடி’ பொய், என் கண்ணில் நிறம் போய்விட்டது என்று ஒரே மூச்சில் சொன்னேன். முடிந்த படங்களை வைத்துக்கொள்வதாகவும், மிச்சத்துக்கு வேறு ஆள் பார்ப்பதாகவும் சொன்னார். அட்டையில் இரண்டு பெயர் வரும். “உடம்பைப் பாருங்க மேடம்” என்றார். நல்ல மனிதர். போனை வைத்த பிறகு தலையணையை வாயில் வைத்துக் கத்தினேன்.

ஆகஸ்ட் 4

இவர் பேசினார். ஜூன் இருபதாம் தேதிப் பக்கத்தை, அதாவது நல்ல பக்கத்தை, துண்டு துண்டாக வெட்டி அட்டைகளில் ஒட்டியிருக்கிறார். பின்னால் பெயர். “தினமும் காலைல இருபத்து நாலு அட்டை. நீ சொல்லு, நான் குறிச்சுக்கறேன்.” கையில் பேனா, எதிரில் நாற்காலி. பரீட்சை ஹால் தோற்றது.

முதல் நாள் பதினொன்று சரி என்றார். நம்ப முடியவில்லை. எனக்கு எல்லாம் களிமண்ணாகத்தான் தெரிந்தது. ஆனாலும் பதினொன்று!

செப்டம்பர் 2

பதினாறு. முகத்தின் நடுப் புகை கொஞ்சம் விலகியிருக்கிறது, இவர் மூக்கு தெரிகிறது. மூக்கு பெரிசுதான் என்று சொன்னேன். சிரித்தார்.

செப்டம்பர் 29

இருபது! நிறம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இல்லை, ஆனால் மனதுக்குத் தெரிகிறது போல என்று நானே ஒரு தத்துவம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். இளவழகன் சாருக்குப் போன் செய்து அடுத்த புத்தகம் கேட்கலாமா?

அக்டோபர் 13

கண் டாக்டரிடம் போனேன், பட்டுப்புடவை கட்டாத குறையாக. அதே புள்ளிப் புத்தகம். பன்னிரண்டு என்றேன். அடுத்து காத்திருந்தேன். எண் வரவில்லை. அடுத்த பக்கம் வரவில்லை. கடைசியில் இரண்டே இரண்டு பக்கத்தில் ஏதோ நிழலாடியது.

“தினமும் இருபது சரியா சொல்றேனே டாக்டர்!”

டாக்டர் இவரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன்.

“எதுக்குப் பொய் சொன்னீங்க?”

“முதல் நாள் மூணு கோதை. உன் மூஞ்சியைப் பார்த்தேன். பதினொண்ணுன்னு வாயில வந்துடுச்சு. அதுக்கப்புறம் குறைக்க முடியலை.”

“என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்களே! நான் இளவழகன் சாருக்குப் போன் பண்ணியிருப்பேன்!”

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். “மூணு வாரம் என் எதிர்ல உட்கார்ந்து அந்த மாத்திரையை முழுங்கினியே. தண்ணி யார் கொடுத்தா? நான்தானே கொடுத்தேன்.”

ஜூலையிலிருந்து அவர் தொண்டையில் இருந்தது இது. பக்கத்து வீட்டுக் குக்கர் ஐந்து விசில் அடித்தது.

“நிஜமா எவ்வளவுன்னு உங்களுக்காவது தெரியுமா?” என்றேன்.

சட்டைப் பையிலிருந்து ஒர்க்‌ஷாப் பாக்கெட் நோட்டை எடுத்தார். கிரீஸ் கறை படிந்த அட்டை. ஒரு போல்ட்டின் அளவைக்கூடத் தப்பாக எழுதத் தெரியாத மனிதர். எனக்குச் சொன்னது ஒன்று, அதில் எழுதியது ஒன்று. எழுபது நாள், ஒரு நாள் விடாமல்.

“படிங்க.”

“வேணாம் கோதை.”

“படிங்க.”

படித்தார். மூணு. நாலு. மூணு. மூணு. ரெண்டு. ஆகஸ்ட் முழுக்க அப்படியே போயிற்று, நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். செப்டம்பர் பத்துக்கு மேல் அஞ்சு என்று ஒன்று வந்தது. பிறகு நாலு. மறுபடி அஞ்சு. ஆறு. ஆறு. அவர் குரல் தடுமாற ஆரம்பித்தது. இந்தப் பட்டியலை இதுவரை அவரும் மொத்தமாகப் படித்துப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏழு. ஆறு. ஏழு. எட்டு.

“நேத்து?”

“ஒன்பது.”

நேற்று அவர் என்னிடம் சொன்ன எண் இருபது. அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு இட்லி மாவு கரைக்கப் போனேன். ஒன்பதைக் கேட்டதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.